பூங்கொடிக்குச் சீக்கு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் பூங்கொடிக்கு எந்த நோயும் இல்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நோய் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்த கதை இது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்னால் கெட்ட பெயர் வேண்டாம். ஆனால் நடந்ததை மென்று முழுங்கவும் எனக்கு மனசில்லை. இன்றைக்கும் யாரோ ஒருத்தி தன் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு பெஞ்சில் காத்துக்கொண்டிருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் தாப்பாவிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரர் முனியாண்டியும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அவர் பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. சம்பள நாளில் ஆபீஸ் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று, கணக்கு எழுதும் கிராணி காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு வருவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரிசை நின்றுபோகும், பின்னால் இருப்பவன் திட்டுவான், கிராணி முறைப்பார். மையைத் தொடு, வை, நகரு. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அதுதான் கையெழுத்து.

பூங்கொடிக்கு அப்போது ஐந்து வயது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். இரண்டு வயதில் பேசிய நாலைந்து வார்த்தைகளும் எங்கே போயினவோ தெரியவில்லை. ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள். எடுத்து அடுக்கி மறுபடியும் கவிழ்ப்பாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் எங்கள் லயத்து வீடுகள் எல்லாம் நடுங்குகிற மாதிரி கத்துவாள். வெறும் சோறு மட்டும் தின்பாள், அதுவும் வெள்ளைத் தட்டில் போட்டால்தான்.

வைத்தியம் சொல்லாத வாய் இல்லை. காற்றுக் கருப்பு என்றார்கள், மந்திரித்தோம். குலதெய்வக் குற்றம் என்றார்கள், கிடா வெட்டினோம். நாக்கில் வசம்பு தேய்த்தோம். கிடா போனதுதான் மிச்சம். கடைசியில் தோட்டத்து மருந்து வீட்டு டிரெசர் அவள் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காது கேக்கல. ஈப்போக்குச் சுராட் எழுதித் தாரேன், கொண்டு போங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. பதினொரு மணிக்கு மரத்தில் கட்டியிருக்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள், பால் எடுக்கப் போகலாம் என்று அர்த்தம். மணி அடிக்கிறவன் இரும்புக் கம்பியைக் கையில் எடுக்கும் முன்பே இவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். செவிட்டுப் பிள்ளை எதற்குக் காதைப் பொத்த வேண்டும்? இதை டிரெசரிடம் சொன்னேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். இரண்டு பேருமே டாக்டர் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் சுராட்டுக் கடிதம் வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ஒரு நாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பையில் இரண்டு துணி, மூன்று மங்கு. மங்கு இல்லாமல் அவள் தூங்க மாட்டாள். என் மரங்களைப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நீ போயிட்டு வா லா. ஒன் பேரு அடிபடாம நாங்க நாலு பேரு பிரிச்சு வெட்டிக்கிறோம்" என்றார். அவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே முதுகு ஒடியும் வேலை. பதினோரு நாளும் என் மரங்கள் ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை. கங்காணியும் தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டார்.

காது சோதிக்கும் அறைக்கு வெளியே முக்கால் நாள் உட்கார்ந்தோம். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி, "புள்ளைய அடிச்சு வளக்கணும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "ஒங்க புள்ளைய அடிங்கம்மா. எம்புள்ள எனக்கு இருக்கட்டும்" என்றேன். அப்புறம் அந்தப் பெஞ்சில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

சோதனை பெரிய விஷயம் இல்லை. ஒருவர் முன்னால் பொம்மை காட்டுவார், இன்னொருவர் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவார், மணி அடிப்பார், சின்ன மேளம் தட்டுவார். காது கேட்கிற பிள்ளை திரும்பும். பூங்கொடி திரும்பவில்லை. மேளத்துக்கும் திரும்பவில்லை. அந்த ஆள் தாளில் எழுத ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லி நான் பையோடு கதவுக்கு வெளியே போனேன். ஒரு மங்கின் விளிம்பில் இன்னொன்றை லேசாகத் தொட்டேன். டிங் என்று கொசு கத்துகிற அளவுதான் சத்தம். உள்ளே இருந்து பொம்மையைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள் என் மகள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவோடு அவள் பின்னாலேயே வந்து, என் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்தார். அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். தப்பென்று தெரிந்ததும் அடிக்கிற பேனாவை அந்த ஆஸ்பத்திரியில் நான் அதிகம் பார்க்கவில்லை.

செவிடு இல்லை என்றால் வேறென்ன என்று பார்க்க வார்டில் படுக்க வைத்தார்கள். பெரிய டாக்டர் இங்கிலீஷில் கேட்க, ஒரு பியூன் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"காலையில எத்தன மணிக்கு வேலைக்குப் போறீங்க?"

"அஞ்சு மணிக்குப் பெரட்டு. பேரு கூப்புடுவாங்க. நாலரைக்குக் கெளம்புவேன்."

"புள்ள?"

"ஆயாக் கொட்டாயில விட்டுட்டுப் போவேன்."

"எத்தன மாசத்துலருந்து?"

"ரெண்டு மாசத்துலருந்து."

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பியூனுக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. "அக்கா, தாய் அணைப்புக் கெடைக்காத புள்ளைங்க சில பேரு இப்பிடி உள்ளுக்குள்ளயே பூட்டிக்குவாங்களாம். டாக்டர் சொல்றாரு."

பெற்றவள் பாசம் காட்டாததால் வந்த சீக்காம். மாரில் பால் கட்டி வலிக்க வலிக்க நான் மரம் வெட்டியது அவர் தாளில் ஏறுமா? நான் எழுந்து நின்றேன். "எங்க ஆயாக் கொட்டாயில நாப்பது தொட்டிலு தொங்குது. எல்லாத் தாயும் நாலரைக்குத்தான் போறோம். அப்பன்னா நாப்பதும் இப்பிடித்தான இருக்கணும்? மத்த புள்ளைங்கல்லாம் எப்பிடிப் பேசுது? இத அப்பிடியே டாக்டர்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

பியூன் சொன்னாரா, பாதியை விழுங்கினாரா தெரியாது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பார்வை நேரம் முடிந்ததும் தாய்மார்கள் வெளியே போக வேண்டும், பால் குடிக்கும் குழந்தையின் தாய் மட்டும் இருக்கலாம் என்பது சட்டம். நாங்கள் மிஸி என்று சொல்லும் நர்ஸ் வந்து கிளம்பச் சொன்னாள். "இவளும் பால் குடிக்கிற புள்ளதான்" என்றேன். மிஸி பூங்கொடியின் பல்வரிசையைப் பார்த்தாள். "அஞ்சு வயசிலயா?" "எங்க தோட்டத்துல அப்பிடித்தான்." வார்டு கூட்டும் சீன அம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, கட்டிலுக்கடியில் ஒரு பழைய பாயைத் தள்ளிவிட்டார். பதினோரு நாளும் அதுதான் என் படுக்கை. சிரிப்பாக எழுதுகிறேன். உண்மையில் எனக்குப் பயம். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் இவள் என்ன ஆவாள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அப்படியும் இரண்டாம் நாள் நான் துணி அலசப் போன நேரத்தில் அவளைக் கட்டிலோடு துணியால் கட்டிவிட்டார்கள். ஊசியைப் பார்த்துத் தலையைச் சுவரில் மோதினாளாம். கட்டை அவிழ்த்தது யார் என்று அப்புறம் விசாரணை நடந்தது. நான்தான் என்றேன். தூக்கத்துக்கு ஏதோ சிவப்பு மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்தால் கண் திறந்திருக்கும், ஆள் இருக்காது. மூன்று வேளைக்குப் பிறகு அதையும் துப்பிவிட்டாள். நான் கடிந்துகொள்ளவில்லை.

சாப்பாடு வேறு கூத்து. பள்ளம் பள்ளமாகப் பிரித்த நீலத் தட்டில் சோறும் குழம்பும் ஒட்டிக்கொண்டு வரும். தொடமாட்டாள். 'உணவை மறுக்கிறாள்' என்று அதையும் ஒரு சீக்காக எழுதினார்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் சிலிபினில் இருந்த என் அண்ணி இதைக் கேள்விப்பட்டு, தன் கல்யாணச் சீர் வெள்ளைப் பீங்கான் தட்டை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். வெறும் சோறு, ஓரத்தில் உப்பு. பூங்கொடி ஒரு பருக்கை விடாமல் தின்றாள். அண்ணி அழுதார். "தட்டுதானம்மா, இதுக்கா இம்புட்டுப் பாடு" என்றார். அன்றிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தார். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் தட்டு உடைந்துவிடும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாராம்.

தலையில் கம்பி ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். மூளைக்குள் ஓடும் மெல்லிய மின்சாரத்தை ஓர் இயந்திரம் தாளில் கோடு கோடாக வரையும். வலிப்பு இருந்தால் கோடு தாறுமாறாக இருக்கும். அவளுடைய கோட்டில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். ரத்தம் சரி, எக்ஸ்ரே சரி. எல்லாம் சரி என்று சொல்லச் சொல்ல அவர்கள் முகம்தான் கோணியது.

ஏழாம் நாள் ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. வந்தவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மூன்று மங்குக்குப் பக்கத்தில் தன் மருந்துக் கிண்ணத்தை நாலாவதாகக் கவிழ்த்தார். பூங்கொடி அதைக் கொஞ்சம் நேராக்கினாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் கால் மணி நேரம் அப்படியே விளையாடினார்கள்.

"இதுக்கு ஆட்டிசம்னு பேரு" என்றார் பிறகு. "பொறக்கும்போதே மூளை வேற மாதிரி அமையுது. சத்தம், வெளிச்சம், தொடுறது எல்லாம் அவங்களுக்கு நம்மள விட அதிகமா, இல்லன்னா கம்மியாத் தெரியும். மருந்து இல்ல. ஆனா கத்துக்குவா. அவ வழியில, மெதுவா."

"நான் அணைக்காததுனால வந்ததா?"

"அப்படியும் சிலர் புத்தகத்துல எழுதியிருக்காங்க. நானும் படிச்சேன். ஒங்களப் பார்த்தப்புறம் நம்ப முடியல." கட்டிலுக்கடியில் இருந்த பாயைக் காட்டினார்.

ஏழு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. மருந்து இல்லை என்றதற்காக அழவில்லை. என்மேல் போட்ட பழியை ஒரு டாக்டரே வாய் திறந்து இறக்கி வைத்தார், அதற்காக அழுதேன். ஆனால் வார்டில் முடிவெடுப்பது அவர் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் பூங்கொடிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரல் நீலமாக இருந்தது.

"என்னது வெரல்ல?"

"ஆஸ்பத்திரி கிராணி வந்தாரு லா. சுராட் நீட்டுனாரு. வச்சேன்."

"என்ன சுராட்டு?"

"தெரியல. ஆஸ்பத்திரி சுராட்டுதான்."

"கேக்கலையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. மையைத் தொடு, வை, நகரு.

கட்டிலடியில் நகல் ஒன்று கிடந்தது. மலாயும் இங்கிலீஷும். எடுத்துக்கொண்டு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ராமநாதபுரத்துப் பாய். இரண்டு மொழியும் படிப்பார். காலையில் காசு மிச்சம் பிடிக்கச் சீனி போடாமல் கடுங்காப்பி கேட்டாலே முகம் பார்த்துச் சீனி போட்டுத் தருகிறவர். தாளைப் படித்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இது மருந்துச் சீட்டு இல்லம்மா. புள்ளைய விடுதிக்கு மாத்தச் சம்மதம்னு எழுதியிருக்கு. புத்தி சரியில்லாதவங்கள வச்சிருக்கற விடுதி. புதன்கெழம வண்டி வருதாம். தாய் தகப்பன் மாசத்துல ஒரு நாள் பாக்கலாமாம்."

அந்த மதில் வைத்த விடுதியை எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிற இடம். போனவர்கள் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் கதவு திறந்ததும் ஆபீசில் போய் நின்றேன். அவரையும் தோட்டத்துக்குப் போகவிடவில்லை. கிராணி தாளைப் பார்த்தார். "தகப்பன் வெரல் வச்சாச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

"அவருக்கு என்னன்னு தெரியாம வச்சது."

"தெரியாம வச்சாலும் வச்சதுதான். எல்லாரும் இப்பிடி வந்து நின்னா நான் வேலை பாக்க வேணாமா? பின்னால ஆள் நிக்குது, நகருங்க."

"நகர மாட்டேன்" என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வண்டி வந்தா அவளோட நானும் ஏறுவேன். அங்கயும் கட்டிலுக்கடியிலதான் படுப்பேன். என்னையும் சேத்து எழுதுங்க."

சத்தம் கேட்டு அந்த இளம் டாக்டரம்மா வந்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, எங்களுக்குத் தமிழில் விளக்கினார். பிள்ளையைப் பெற்றோர் தங்கள் பொறுப்பில் வீட்டுக்குக் கூட்டிப்போக இன்னொரு தாள் இருக்கிறது. அதில் தகப்பன் விரல் வைத்தால் முந்தைய தாள் செல்லாது. பெரிய டாக்டரிடம் தாமே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். அவருக்கு அதனால் என்ன கஷ்டம் வந்ததோ, நான் கேட்டதில்லை.

கிராணி புதுத் தாளை எடுத்து மேசையில் வீசாத குறையாக வைத்து, மைப்பெட்டியைத் தள்ளினார். "இங்க வை."

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். பிறந்ததிலிருந்து எந்த மேசைக்கு முன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார்.

"என்ன?"

"படிச்சுக் காட்டுங்க ஐயா. அப்பறம் வக்கிறேன்."

கிராணி படித்தார். வேகமாகப் படித்தார். "மெதுவா" என்றார் இவர். இரண்டாம் தடவை படித்தார். டாக்டரம்மா ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் விரல் மையில் இறங்கியது.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட ஒரு நாள் ஆயிற்று. பதினோராம் நாள், வண்டி வருவதாக இருந்த புதனுக்கு முந்தின நாள், பஸ் ஏறினோம். கம்பார் தாண்டும் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் சோப்புக் கட்டியை எடுத்துப் போட்டேன். "நல்லாக் கழுவுங்க. அந்த மையோட என் புள்ளையத் தொடாதீங்க" என்றேன். தோல் உரிகிற அளவு தேய்த்தார். இரண்டாவது மை பிள்ளையைக் காப்பாற்றிய மை என்று அப்போது என் கோபத்துக்குத் தெரியவில்லை.

எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். சிலிபினுக்கு வந்தோம். அவருக்கு மரப்பட்டறையில் வேலை, எனக்குச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில். எந்தப் பள்ளியும் பூங்கொடியைச் சேர்க்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்றார்கள். ஆனால் அண்ணி வீட்டுத் தெருவில் ஒருத்தி, கிளினிக்கில் ஒருத்தி, கோயிலில் கத்துகிற மகனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிய ஒருத்தி என்று ஒவ்வொருத்தியாகக் கண்டுபிடித்தேன். மகனோடு ஓடியவளை நான் வாசல் வரை துரத்திப் போய்ப் பிடித்தேன். பயந்துவிட்டாள். "ஒங்க புள்ளைக்கு எந்தத் தட்டு?" என்று கேட்டேன். "பச்ச மங்குதான்" என்றாள்.

ஒரு ஞாயிறு மாலை ஒன்பது குடும்பங்கள் எங்கள் முன்கூடத்தில் கூடின. தெலுக் இந்தானிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்று கல்வி இலாகாவுக்கு மனு. கொஞ்சம் படித்த ஒருவரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தோம். பதினாலு வயதுப் பூங்கொடி காப்பி மங்குகளை மேசையில் வரிசையாகக் கவிழ்த்திருந்தாள். அவள் நிமிர்த்தி வைத்த பிறகுதான் காப்பி என்று வந்தவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மனுவை வைத்ததும் ஆண்கள் பழக்கதோஷத்தில் மேசைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். பாதிப் பேர் பழைய தோட்டக்காரர்கள். முதல் ஆள் மையைத் தொட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் போய் மைப்பெட்டியை மூடினார். "படிச்சுக் காட்டாம யாரும் வக்காதீங்க" என்றார்.

"நம்ம மனுதான மச்சான்?"

"நம்ம மனுன்னாலும்."

நான் உரக்கப் படித்தேன். இரண்டாம் பத்தியில், 'கொடிய நோயால் பீடிக்கப்பட்ட எங்கள் பாவப்பட்ட பிள்ளைகள்' என்று வந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று எழுதியவர் சேர்த்திருக்கிறார். எனக்கே நாக்கு அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆபீசுக்கு எழுதினால் கெஞ்சித்தானே எழுத வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றார் அவர்.

படித்தேன்.

"அடி அத. எம்பொண்ணுக்குச் சீக்கு இல்ல. பாவமும் இல்ல. வகுப்பு வேணும்னு மட்டும் எழுது."

பச்சை மங்குக்காரி தன் மகன் தலையைத் தடவிக்கொண்டே, "அடிங்க அக்கா" என்றாள். நான் பேனாவை எடுத்து அந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு, அப்புறம் முழு மனுவையும் புதுத் தாளில் என் கையாலேயே எழுதினேன். மறுபடியும் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், மற்றவர்கள் விரல் வைத்தார்கள். கடைசியில் அவர் வைத்தார்.

வகுப்பு கிடைக்க மேலும் பல மனுக்களும் பல பெஞ்சுகளும் ஆயின. ஒரு பள்ளியின் சாமான் அறையைக் காலி செய்து வாரம் இரண்டு நாள் கொடுத்தார்கள். அது வேறு கதை. அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவர் நீல விரலோடு வந்து பூங்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நீட்டிய மங்கை வாங்கி வரிசையில் கவிழ்த்தார். விளிம்பில் மை ஒட்டியது. அவள் அதைப் பார்த்தாள், துடைக்கவில்லை. நானும் அவரைக் கை கழுவச் சொல்லவில்லை.